தாயின் கையில் ஐந்து ஷில்லிங்

1946ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. பிரிட்டன் முழுவதும் அஞ்சலகங்களின் முன்னே தாய்மார் நின்றனர். ஒவ்வொருவர் கையிலும் அரசு வழங்கிய சிறு புத்தகம் ஒன்று இருந்தது. அதன் தாளைக் கிழித்துக் கொடுத்தால், இரண்டாவது குழந்தை முதற்கொண்டு குழந்தை ஒன்றுக்கு வாரம் 5 ஷில்லிங் வீதம் பணம் கிடைத்தது. எவரும் அவர்களுடைய வீட்டுச் சமையலறையைச் சோதிக்கவில்லை, கணவனின் ஊதியம் என்னவென்று கேட்கவில்லை, 'நீ ஒழுக்கமுடையவளா?' என்று வினவவுமில்லை.

தொகை சிறிது. ஆயினும் அதன் பின்னே நின்ற வழக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. குழந்தை வளர்க்கும் குடும்பத்திற்கு அரசு பணம் தரலாமா என்னும் அவ்வழக்கில் கருவூலத்தின் நிலை பேசப்பட்டதைவிடப் பெற்றோரின் தகுதி பேசப்பட்டதே மிகுதி. பசிப்பது குழந்தை, விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டவரோ பெற்றோர். பிரிட்டனில் இவ்வழக்கு நடந்த முறையைத் தொடர்ந்து நோக்கினால், பொதுமக்கள் மனப்பாங்கு எவ்வாறு உருவாகிறது என்பது தெளிவாகும்.

ரொட்டியின் விலையும் அறிஞரின் ஐயமும்

1795ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோதுமை விலை கடுமையாக உயர்ந்தது. பெர்க்ஷயர் மாவட்ட நீதிபதிகள் மே மாதம் ஸ்பீனம்லாண்ட் என்னுமிடத்தில் ஒரு விடுதியில் கூடினர். உழைப்பாளியின் வருவாய் ரொட்டி விலைக்கு ஏற்பப் போதாதபோது, மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு எனக் கணக்கிட்டு, ஊர் வரியிலிருந்து குறையை நிரப்புவதென முடிவு செய்தனர். மறு ஆண்டு முதலமைச்சர் இளைய பிட், பல குழந்தைகள் உள்ள குடும்பத்திற்கு அளிக்கும் உதவி இழிவாகக் கருதப்படாமல் உரிமையாகவும் மதிப்பாகவும் கருதப்பட வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அவருடைய சட்ட வரைவு நிறைவேறவில்லை.

1798இல் மால்தஸ் தம் மக்கட்பெருக்க நூலை வெளியிட்டார். உணவு பெருகும் வேகத்தினும் மக்கள் பெருகும் வேகம் மிகுதி. ஏழைகளுக்கு உதவினால் அவர்கள் முன்பின் எண்ணாது மணம் புரிந்து மேலும் பிள்ளைகளைப் பெறுவர் என்பது அவர் வாதம். அவ்வாதம் கற்றோரிடையே வேரூன்றியது. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம் அதன் விளைவு. வீட்டிலிருந்தபடியே உதவி பெறும் வழி சுருக்கப்பட்டது. உதவி வேண்டுவோர் உழைப்பு விடுதிக்குள் வரட்டும் என்பது நெறியாயிற்று.

ஸ்பீனம்லாண்ட் முறை பிள்ளைப்பேற்றைப் பெருக்கியது, உழைப்பாளியைச் சோம்பேறியாக்கியது என்னும் கூற்று நூறாண்டுக்கு மேல் வரலாறாகவே ஓதப்பட்டது. 1963இல் மார்க் பிளாக் என்னும் பொருளியல் வரலாற்றாளர் பழைய கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, அக்கூற்று பெரும்பாலும் கட்டுக்கதையே எனக் காட்டினார். ஆனால் கட்டுக்கதை அதற்குள் மக்கள் மனத்தில் பழமொழியின் உறுதியைப் பெற்றுவிட்டிருந்தது.

போர் கற்பித்த பாடம்

1909ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரி செலுத்துவோருக்குக் குழந்தையை முன்னிட்டு வரிச்சலுகை வழங்கப்பட்டது. வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாத ஏழைக் குடும்பத்திற்கு அதனால் பயன் ஏதுமில்லை. வசதியுடையார் பெற்றது சலுகை எனப்பட்டது. வறியார் கேட்டது பிச்சை எனப்பட்டது. இரண்டுமே அரசின் பணந்தான் என்பதை எண்ணியவர் சிலரே.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. படைக்குச் சென்றோரின் மனைவியர்க்குப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசே பணம் வழங்கிற்று. உடனே பழைய ஐயம் தலைதூக்கியது. போர்வீரர் மனைவியர் குடித்துக் களிக்கின்றனர் என்று பேச்சு எழுந்தது. நடத்தை சரியில்லாதவளுக்குப் பணத்தை நிறுத்தவும் அரசு வழிசெய்தது. களத்தில் பணியாற்றியோர் கண்டதோ வேறு. வாரந்தோறும் தவறாது பணம் வந்தமையால் எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் முன்னினும் நன்றாக உண்டனர்.

அவ்வாறு கண்டவருள் ஒருவர் எலினார் ராத்போன். லிவர்பூல் நகரின் செல்வ வணிகக் குடும்பத்தில் 1872இல் பிறந்தவர், மணம் புரியாதவர். லிவர்பூலில் போர்வீரர் குடும்பங்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், 1917இல் சில தோழர்களைக் கூட்டிக் குழந்தைத் தொகைக்கெனக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1924இல் 'வாரிசுரிமை மறுக்கப்பட்ட குடும்பம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டார்.

அவருடைய வாதம் எளியது. ஊதியம் வேலைக்கு அளிக்கப்படுகிறது. அது வீட்டில் எத்தனை வாய்கள் உள்ளன என்று பார்ப்பதில்லை. மணமாகாத இளைஞனும் ஐந்து குழந்தைகளின் தந்தையும் ஒரே கூலி பெறுகின்றனர். ஆகவே குழந்தை வளர்ப்பு என்னும் பணிக்கு நாடு தனியே ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அப்பங்கு அப்பணியைச் செய்யும் தாயிடமே சேர வேண்டும். 'நிவாரணம்' என்னும் சொல்லை அவர் விலக்கினார். கோயிலுக்கும் கல்லூரிக்கும் செல்வர் எழுதிவைக்கும் அறக்கட்டளையைக் குறிக்கும் சொல்லையே குடும்பத்திற்கும் பயன்படுத்தினார். சொல்லை மாற்றாமல் மனத்தை மாற்ற இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

எதிர்த்தவர் யார்?

வலதுசாரியினர் எதிர்த்ததில் வியப்பில்லை. தந்தையின் பொறுப்புணர்ச்சி மழுங்கும் என்றனர். வியப்பூட்டுவது தொழிற்சங்கங்களின் எதிர்ப்பே. குழந்தைக்கு அரசு பணம் தந்தால், 'உன் பிள்ளைகளை அரசு பார்த்துக்கொள்கிறது' என்று முதலாளி கூலியைக் குறைப்பான் என அவர்கள் அஞ்சினர். 1930இல் தொழிற்சங்கப் பேரவை இத்திட்டத்தை ஏற்க மறுத்தது.

அவ்வச்சம் முழுவதும் பொய்யானதன்று. 1940இல் பொருளியலறிஞர் கெயின்ஸ் போர்ச்செலவைப் பற்றி எழுதிய நூலில் குழந்தைத் தொகையை ஆதரித்தார். கூலியைப் பொதுவாக உயர்த்தாமலே ஏழைக் குடும்பங்களைக் காக்கலாம் என்பதும் அவர் கருத்துகளுள் ஒன்று. ஆயினும் ராத்போன் கூலிக் கணக்கிற்கு அடியில் இன்னொன்றையும் கண்டார். குடும்பம் தன் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்னும் ஆணின் ஆளுகை வேட்கையே அது. அதைத் தம் நூலில் அவர் ஒளிவு மறைவின்றி எழுதினார்.

1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. அதில் கூறப்பட்ட சமூகக் காப்பீட்டுத் திட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகக் குழந்தைத் தொகை இடம்பெற்றது. பெவரிட்ஜ் கேட்டது 8 ஷில்லிங். அரசு ஒப்பியது 5 ஷில்லிங். முதற்குழந்தையைத் தந்தையின் ஊதியமே காக்கும் எனக் கருதி அதற்கு ஒன்றும் தரவில்லை. 1945இல் சட்ட வரைவு வந்தபோது தொகை தந்தைக்கே உரியது என்றிருந்தது. தந்தையின் பெயரில் அது நிறைவேறுமானால் தாமே எதிர்த்து வாக்களிப்பதாக ராத்போன் அவையில் எச்சரித்தார். உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க விடப்பட்டனர். தந்தை என்பது தாய் என்றாயிற்று. 1946 சனவரி 2ஆம் நாள் ராத்போன் காலமானார். அஞ்சலக வாயில்களில் தாய்மார் நின்ற காட்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இருவேறு கண்கள்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பதிவு செய்தல் வேண்டும். குழந்தைத் தொகைக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் வாதாடியவருள் ஒருவர் லியோ அமெரி. 1940 முதல் 1945 வரை இந்தியாவிற்குப் பொறுப்பான அமைச்சரும் அவரே. பிரிட்டிஷ் குழந்தைக்கு 5 ஷில்லிங் என்று அரசு ஒப்பிய அதே 1943ஆம் ஆண்டில் வங்கம் பஞ்சத்தில் மடிந்தது. இறந்தோர் தொகையை அரசு அமைத்த விசாரணைக் குழுவே 15 இலட்சம் எனக் கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை கூறுவர். அமெரி உணவுக் கப்பல்களுக்காகப் போர் அமைச்சரவையில் வாதாடியதுண்டு; ஆனால் வந்த தானியம் தேவைக்கு மிகக் குறைவு.

ராத்போனும் இவ்வகையில் குறையற்றவர் அல்லர். 1941இல் அவர் இந்தியத் தலைவர்களைக் கடிந்து ஒரு திறந்த மடல் எழுதினார். போரில் பிரிட்டனுக்குத் துணைநிற்காமை நன்றியின்மை என்பது அதன் சாரம். நோய்ப்படுக்கையிலிருந்த இரவீந்திரநாத் தாகூர் சூன் 4ஆம் நாள் விடையிறுத்தார். இரு நூற்றாண்டு ஆட்சிக்குப் பின்னும் கவளம் உணவுக்கு ஏங்கும் உடல்களையும், துளி நீருக்காகச் சேற்றைத் தோண்டும் சிற்றூர்ப் பெண்களையும் அம்மறுமொழி சுட்டியது. இரண்டு திங்கள் கழித்துக் கவிஞர் மறைந்தார்.

லிவர்பூல் தாயின் நடத்தையை ஆராயாதே, அவள் குழந்தையின் பசியைப் பார் என்று தம் நாட்டவர்க்குக் கற்பித்தவர், கடல் கடந்த மக்களிடம் பசியைப் பேசுமுன் நடத்தையைப் பேசினார். பரிவுக்கும் எல்லைக்கோடு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பணப்பையும் சம்பள உறையும்

1970களில் வழக்கு மீண்டும் எழுந்தது. குடும்பத் தொகை ஒருபுறமும், தந்தையின் குழந்தை வரிச்சலுகை மறுபுறமும் இருந்தன. இரண்டையும் இணைத்து, முதற்குழந்தை உட்பட எல்லாக் குழந்தைகளுக்கும் தாயிடம் ஒரே தொகை தரும் சட்டம் 1975இல் பார்பரா காசில் அமைச்சராயிருந்தபோது நிறைவேறியது. சட்டம் வந்ததே தவிர, பணம் வரவில்லை. வரிச்சலுகை நீங்கினால் ஆண்களின் சம்பள உறை மெலியும். தாயின் பணப்பை பெருப்பதை அவர்கள் ஈடாகக் கருதமாட்டார்கள். வாக்குகள் போகும் என ஆட்சியாளர் அஞ்சினர்.

1976 ஏப்ரலில் முதலமைச்சரான காலகன் காசிலைப் பதவியிலிருந்து நீக்கினார். அமைச்சரவை திட்டத்தைத் தள்ளிவைக்க முடிவு செய்தது. சூன் மாதம் அமைச்சரவைக் குறிப்புகள் வெளியே கசிந்தன. குழந்தை வறுமை ஒழிப்புக் குழுவின் இயக்குநர் ஃபிராங்க் ஃபீல்ட் அவற்றை ஓர் இதழில் கட்டுரையாக்கினார். எழுந்த கூக்குரலில் அரசு பணிந்தது. 1977 முதல் படிப்படியாக வந்து, 1979இல் குழந்தை ஒன்றுக்கு வாரம் 4 பவுண்டு என முழு வடிவம் பெற்றது.

மூன்றாவது குழந்தை

எல்லார்க்கும் பொதுவான தொகையைச் சிலர் வீண்செலவு என்றனரே தவிர, பெறுபவரை இழிவாகப் பேசவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என வரையறுத்த உதவிக்கோ அந்நிலை வாய்க்கவில்லை. 2015இல் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், வருவாய் குறைந்தோர்க்கான குழந்தை உதவியை இரு குழந்தைகளோடு நிறுத்துவதாக அறிவித்தார். 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு அவ்வுதவி இல்லையாயிற்று. உழைத்து வாழும் குடும்பங்கள் எண்ணிப் பார்த்துப் பிள்ளை பெறுகின்றன. உதவி பெறுவோரும் அவ்வாறே எண்ண வேண்டும் என்பது கூறப்பட்ட நியாயம். மால்தஸின் குரல் மறுபிறவி எடுத்தது போலிருந்தது அது. வன்கொடுமையால் கருவுற்ற தாய்க்கு விலக்கு இருந்தது. ஆனால் அதை அவளே வெளியே தெரிவித்தாக வேண்டியிருந்தது.

2023இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில் பிரிட்டிஷ் மக்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இவ்வரம்பு நீடிக்க வேண்டும் என்றனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது சரியன்று. தம் குறைந்த ஊதியத்தில் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்ட குடும்பத்திற்கு, அடுத்த வீட்டுக்குத் தம் வரிப்பணம் செல்வது நியாயமாகத் தோன்றுவதில்லை. அம்மனக்குறை உண்மையானது, மறுமொழிக்கு உரியது.

மறுமொழி கிடைத்தது கணக்கிலிருந்து. வரம்பினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் எவரேனும் ஒருவர் வேலைக்குச் செல்பவரே. பிறப்பு எண்ணிக்கையும் மிகச் சிறிதளவே மாறியது என ஆய்வாளர் கண்டனர். பெற்றோரைத் திருத்தவென இயற்றிய விதி பெற்றோரைத் திருத்தவில்லை. குழந்தைகளின் வறுமையையே பெருக்கியது. 2024இல் இவ்வரம்பை நீக்க வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர் எழுவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். மறு ஆண்டு நவம்பரில் அதே கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் வரம்பு நீங்கும் என அறிவித்தார்.

1795 முதல் 2025 வரை இருநூற்று முப்பது ஆண்டுகள். பொதுமக்கள் மனப்பாங்கு இக்காலத்தில் ஒரே திசையில் நடந்ததில்லை. முன்னும் பின்னும் அலைந்தது. அலைக்கழித்தவற்றுள் சொல்லும் ஒன்று. 'நிவாரணம்' என்றபோது மக்கள் கொடுப்பவரின் இடத்தில் நின்று பெறுபவரை அளந்தனர். 'சலுகை' என்றபோது அளக்கவே மறந்தனர். 'குழந்தையின் பங்கு' என்று ராத்போன் சொல்லப் பழக்கியபோது, ஒரு தலைமுறைக் காலமேனும் பெற்றோரை விடுத்துக் குழந்தையை நோக்கினர்.

சொல்லை ஆள்வோர் இதனைச் சிந்தித்தல் தகும். அஞ்சலக வாயிலில் நின்ற தாயின் கையிலிருந்த சிறு புத்தகத்தில் அவளுடைய குணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியை நீக்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. மீண்டும் எழுதிச் சேர்ப்பதற்கோ ஒரு வரவு செலவுத் திட்ட உரை போதுமானதாயிருந்தது.