பனிமேல் ஒரு சாட்சி

சின்னமனூர்க்காரர்களுக்குச் சாசனம் என்றாலே ஒரு தனிப் பெருமிதம். பாண்டியன் இராசசிம்மனின் செப்பேடுகள் எங்கள் ஊர்ப் பெயரால்தான் வழங்குகின்றன. பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழாக்கினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்றெல்லாம் அவற்றில் கண்டிருக்கிறது. செம்பில் வெட்டியதாயிற்றே, மறுத்துப் பேச நமக்கு வாய் வருவதில்லை. செப்பேடு வெட்டிவைக்க ஆளில்லாத எளியவன் தான் கண்டதைச் சொன்னால்? ஸ்வீடன் தேசத்துப் பாவா லார்ஸ் தூர்டாவை நினைத்துத்தான் கேட்கிறேன்.

1847-ல் பிறந்தவர் அவர். வட ஸ்வீடனின் சாமி இனம். கலைமான் மேய்ப்பதில் பேர்போன ஜனங்கள். (பெயரில்தான் சாமி. அந்நாட்டுப் பெரிய மனிதர்கள் அவர்களைக் கும்பிட்டதாகத் தெரியவில்லை.) 1883-ல் நூர்டென்ஷெல்ட் என்ற பிரசித்தி பெற்ற ஆராய்ச்சியாளர், கிரீன்லாந்தின் நடுவே பசும் நிலம் இருக்கலாம் என்று நம்பிப் புறப்பட்டார். பனி வழிமறித்தது. தூர்டாவையும் ஆண்டர்ஸ் ராஸா என்ற இன்னொருவரையும் பனிச்சறுக்குக் கட்டைகளில் முன்னே அனுப்பினார். 57 மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். உள்ளே 230 கிலோமீட்டர் போனோம். பனியைத் தவிர வேறொன்றும் காணோம் என்றார்கள்.

போகவர 460 கிலோமீட்டர்! படித்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய சிரிப்பு, அனுப்பியவரின் பெயரையும் சேர்த்தல்லவா கெடுத்தது? ஆகவே நூர்டென்ஷெல்டே ஒரு பந்தயம் வைத்தார். 1884 ஏப்ரலில், யோக்மோக்கிலிருந்து க்விக்யோக்குக்குப் போய்த் திரும்ப வேண்டும், 220 கிலோமீட்டர். இங்கிருந்து தேனிக்கு ஐந்து முறை போய் வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரவும் பகலுமாக ஓடி, 21 மணி 22 நிமிஷத்தில் முதலாவதாக வந்தார் தூர்டா. வயது அப்போது முப்பத்தேழை ஒட்டியது. அடுத்தவர் ஐந்து விநாடிதான் பின்தங்கினார். அவரும் சாமி இனத்தவரே.

மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். கிரீன்லாந்துக் கணக்கோ மணிக்கு எட்டுத்தான். வழக்கறிஞர் மூளைக்காரர்கள், "வேகத்தைத்தானே நிரூபித்தார், தூரத்தை அல்லவே?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். அளவுகோல் கொண்டு போகாதவர்கள். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். பொய்யர் என்று சிரிக்க மட்டும் இனி இடமில்லை.

அந்தச் செய்தியைப் பத்திரிகை வாயிலாகக் கேட்ட நார்வே இளைஞர் நான்சென், சறுக்குக் கட்டையிலேயே கிரீன்லாந்தைக் கடந்துவிடலாம் என்று துணிந்தார். 1888-ல் கடந்தும் காட்டினார். உடன் சென்றவர்களில் இருவர் சாமிகள்.

அந்தப் பந்தயத்தை 2016-ல் மறுபடி தொடங்கினார்கள். அதே 220 கிலோமீட்டர். பந்தயத்துக்கு வைத்திருக்கும் பெயர் நூர்டென்ஷெல்டினுடையது.