கிரகணக் கணிதமும் கணினிக் கணிதமும்

கணித மென்பொருள் இன்று பல்கலைக்கழகக் கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் இன்றியமையாக் கருவியாகிவிட்டது. சமன்பாட்டைத் தட்டெழுதிய கணத்தில் விடை திரையில் தோன்றுகின்றது. ஆயின் விடையைப் பெறுதலும் அதன் நியாயத்தை அறிதலும் ஒன்றாகுமா? இவ்வினா புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாற்றில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இஃது எழுந்தது. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கைக்கொண்ட முறைகளுள் வாக்கிய முறை சிறப்பிடம் பெறுவது. கோள்நிலை எண்கள் எழுத்துகளாக மாற்றப்பட்டுச் சிறு வாக்கியங்களாக மனனஞ் செய்யப்பட்டன. 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்திற் சோகிகளைப் பரப்பி, அவ்வாக்கியங்களின் துணைகொண்டு சந்திரகிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். இதனை யோன் வாரன் என்பார் 'கால சங்கலித' என்னும் தம் நூலிற் பதிவுசெய்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை காணப்பட்டது. எனினும் தாம் செய்த கணிப்பின் அடிப்படைக் கோட்பாட்டை அக்கணிதர் அறிந்திலர்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் கணிப்புப் பற்றிய விவாதமொன்று எழுந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அதன் தலைவர் டானியல் பூவர், 1829 மார்ச் 20இல் நிகழவிருந்த சந்திரகிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்தவற்றோடு தம் கணிப்பு மாறுபடுவதைக் கண்டார். அன்றிரவு வானமே நடுவராயிற்று. பூவரின் கணிப்பே பொருந்தியது. இதனைக் கொண்டு சாஸ்திரியாரின் புலமையைக் குறைகூறுதல் பொருந்தாது. பரம்பரையாக வந்த வாய்பாடு எத்துணைச் சிறந்ததாயினும், அவதானிப்பாற் சோதிக்கப்படாதவிடத்துப் பிழை பெருகும் என்பதே ஈண்டு உணரத்தக்கது.

செமினரியுடன் தொடர்புடைய கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். முறையை மட்டுமன்றி அதன் காரணத்தையும் மாணாக்கர் தம் மொழியிற் கற்க வழிபிறந்தது.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, அதன் விஞ்ஞான பீடம் அதே வட்டுக்கோட்டையிலேயே இயங்கத் தொடங்கியமை வரலாற்றுப் பொருத்தமுடையது. 1990 முதற் பல்லாண்டுகள் குடாநாட்டில் மின்விநியோகம் தடைப்பட்டிருந்தது. உலகின் பிற பகுதிகளில் 1984 முதல் மட்லாப், 1988 முதல் மத்தமெற்றிக்கா முதலிய மென்பொருள்கள் பரவிய அக்காலத்தில், இங்கு தாளும் பேனாவுமே ஆய்வுக் கருவிகளாயின. இன்று கட்டணமற்ற ஒக்ரேவ் போன்றவற்றை மாணவர் தம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

எனினும் அதே மாணவர் 0.1 + 0.2 − 0.3 என்பதை ஒக்ரேவில் இடுவாராயின், விடை பூச்சியமாக அமையாது. தசமப் புள்ளியின்பின் 16 பூச்சியங்களைத் தொடர்ந்துவரும் ஒரு சிற்றெண்ணே கிடைக்கும். பத்திலொன்றை இரும எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத முடியாமையே இதற்குக் காரணம். இதனை அறியாதவர் விடையை நம்புவர், அல்லது கருவியைப் பழிப்பர். அறிந்தவரோ பிழையின் எல்லையை மதிப்பிட்டு மேற்செல்வர்.

வாக்கியத்தை மனனஞ் செய்த புதுச்சேரிக் கணிதரும் கட்டளையை மனனஞ் செய்யும் இன்றைய மாணவரும் ஒரே நிலையினரே. கருவியை விலக்குதல் இதற்குப் பரிகாரமன்று. சிறு கணக்கொன்றைக் கையாற் செய்து விடையை ஒப்பிடும் பழக்கமும், கட்டளையின் காரணத்தைத் தமிழில் விளக்கும் நூல்களுமே வேண்டற்பாலன. 1829இன் வானமும் 1855இன் நூலும் நமக்கு விட்டுச்சென்ற கடன் இதுவேயாகும்.