கழிதலும் கழித்தலும்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

பழையன கழிவதையும் புதியன புகுவதையும் பேசும் நன்னூல் நூற்பா (462), மேடைகளில் பெரும்பாலும் சமுதாய அறிவுரையாகவே எடுத்தாளப்படுகிறது. எதையேனும் விலக்க விரும்புவோர் பவணந்தியாரைச் சான்றுக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. அந்நூற்பா நிற்பதோ சொல்லதிகாரத்தின் இறுதியில், உரியியலின் புறனடையாக. அது பேசுவது மொழிவழக்கைப் பற்றியே.

அதில் அமைந்த வினை 'கழிதல்' என்னும் தன்வினை, 'கழித்தல்' அன்று. அவ்வாறே 'புகுதல்' என்றாரேயன்றிப் 'புகுத்தல்' என்றாரல்லர். பழையவை தாமே கழிகின்றன; அதற்கு ஏது காலம். அது வழுவன்று என்பதே இலக்கணியின் துணிபு. கழிக்குமாறு யாரையும் அவர் ஏவவில்லை.

'கழி' என்பதன் அடிப்பொருள் கடந்து செல்லுதல். தொல்காப்பியர் 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குக் கூறிய மூன்று பொருள்களுள் முதலாவது கழிவு. அதற்குச் சேனாவரையர் காட்டுவது, அதியமான் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடிய புறப்பாடல் (235). அங்குக் கழிந்தது குப்பையன்று. மீளப் பெறவியலாத வாழ்வு. மலையாளத்தில் சென்ற ஆண்டைக் 'கழிஞ்ஞ வர்ஷம்' என இன்றும் கூறுவது இப்பொருளின் எச்சமே. 'வழக்கிறந்த சொல்' என்னும் தொடரிலுள்ள 'இறத்தல்' என்பதற்கும் பழம்பொருள் கடத்தல். 'இறந்த காலம்' அதற்குச் சான்று. இன்று அது சாவை மட்டுமே நினைவூட்டுகிறது. கழிவுநீர், கழிவறை, கழிவுப்பொருள் எனப் பயின்ற செவிக்கு நன்னூலாரின் சொல்லும் அகற்றத்தக்கதையே உணர்த்துமாயின் வியப்பில்லை.

காலத்தொடு வந்து வழங்கும் சொல்லை விலக்கலாகாது என எச்சவியலில் தொல்காப்பியர் முன்னரே கூறியுள்ளார். ஆயினும் அவர் கூறியது வரவை மட்டுமே. செலவையும் உடன்சேர்த்து இரண்டையும் ஒருதரத்தன ஆக்கியது பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல்.

அந்நூலின் நடைமுறையும் இதற்கு அரண் செய்கிறது. தன்மை ஒருமைக்குத் தொல்காப்பியம் 'யான்' என்பதையே கூறும். 'நான்' ஆங்கு இல்லை. நன்னூலார் தம் காலத்து வழக்கை ஏற்று 'நான்' என்பதைச் சேர்த்தார் (285). புதியது புகுந்தது என்பதற்காகப் பழையதை அவர் நீக்கவில்லை. அந்நூற்பாவில் 'யான்' முன்னும் 'நான்' பின்னுமாக இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பேச்சிலிருந்து 'யான்' முற்றும் அகன்ற பின்னரும் செய்யுளில் அது வழங்கியே வந்தது.