சாவி யார் கையில்?

போன மாதம் பாலிக் புலாவில் ஒரு கடைக்குச் சாமான் வாங்கப் போனேன். பை நிறையத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, கடையின் டிராலி ஒன்று சரிவில் தானாக உருண்டு வந்து என் காடிக் கதவில் மோதியது. டிராலி வரிசையை யாரும் கட்டிவைக்கவில்லை.

மேலாளர் அதிகம் பேசவில்லை. கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்: வாகனத்தை நிறுத்துவது அவரவர் பொறுப்பு. நான் விடாமல் நின்றதும், டிராலி அடுக்கும் நேப்பாளப் பையனைக் கூப்பிட்டு, "வேணும்னா இவன் சம்பளத்துல பிடிச்சுத் தரேன்" என்றார். அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

"போர்டுலதான் போட்டிருக்கானே, அப்புறம் என்னடா பேச்சு?" என்றார் அப்பா.

நான் பொறியியல் படித்தவன். சரிவின் கோணத்தைக் கணக்குப் போடுவேன், சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பலகைக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பதில்களில் ஒன்று இங்கிலாந்தின் சவுத்எண்ட் கடற்கரையில் இருக்கிறது. ஒருவர் 1 ஷில்லிங் கட்டிக் காடியை நிறுத்திவிட்டுப் போனார். வேறொருவன் வந்து 'நான் அவருடைய நண்பன்' என்றான். காவலாள் காடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். 1937-ல் 'ஆஷ்பி எதிர் டோல்ஹர்ஸ்ட்' வழக்கில் நீதிமன்றம் சொன்னது: அவர் வாங்கியது நிறுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே, காடியை யார் காவலிலும் ஒப்படைக்கவில்லை. அதனால் நட்டம் அவருக்கே.

இது நமக்கு எப்படி ஒட்டும்? 1807-ன் நீதிப் பட்டயம் வழியாக ஆங்கிலச் சட்டம் பினாங்குக்கு வந்தது. ஒப்பந்த விஷயத்தில் 1974 வரை அதுதான் இங்கே ஆண்டது. 1974 ஜூலை 1 முதல்தான் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பினாங்குக்கும் பொருந்தியது. அது பெரும்பாலும் 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வார்ப்பு. நம் சட்டத்தின் 104-ஆம் பிரிவு இந்தியச் சட்டத்தின் 151-ஆம் பிரிவேதான்: பிறர் பொருளைக் காவலில் வாங்கியவர், விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும்.

அந்தப் பிரிவின் பலத்தை டில்லியில் பார்க்கலாம். 1998-ல் தாஜ் மகால் ஹோட்டலுக்குப் போன ஒருவர் காடியையும் சாவியையும் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தால் காடி இல்லை. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தது. 2019 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவி கைமாறியதும் காவல் தொடங்கிவிட்டது, கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது ஹோட்டல்தான் என்றது. இந்தியத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் ஒரே வார்ப்புச் சட்டம் என்பதால் இங்கே அதற்கு மதிப்பு உண்டு.

ஆக, எல்லாம் சாவியில் இருக்கிறது. என் சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது. காடி திருடு போயிருந்தால் அப்பா சொன்னதே சரி.

ஆனால் என் காடியை மோதியது திருடன் இல்லை, கடையின் டிராலி. இது காவல் விஷயம் இல்லை, அலட்சியம். அலட்சியத்தைப் பலகை மறைக்குமா? 1964-ல் லண்டன் ஷூ லேன் நிறுத்துமிடத்தில் ஓர் இசைக்கலைஞர் காயப்பட்டார். பொறுப்பில்லை என்ற நிபந்தனை உள்ளே ஒட்டியிருந்தது. இயந்திரம் டிக்கெட்டைத் தள்ளியதுமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதன்பின் காட்டும் நிபந்தனை செல்லாது என்றார் டென்னிங் பிரபு. என் பலகையும் அப்படித்தான். காடியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனால்தான் கண்ணில் படும்.

இன்னொன்று. வேலை நேரத்தில் ஊழியர் செய்யும் அலட்சியத்துக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். இது பழைய விதி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் முதலாளி இஷ்டத்துக்குச் சம்பளம் பிடிப்பதைத் தடுக்கிறது. மேலாளர் அந்தப் பையனைக் கூப்பிட்டபோது எனக்கு இது தெரிந்திருந்தால், 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

பழுதுபார்க்க 380 ரிங்கிட் ஆனது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். பாரம் மேசைமேல் கிடக்கிறது. எதிர்வாதி என்ற இடத்தில் கடையின் பெயரை எழுதிவிட்டேன்.

இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டால் அந்தப் பையனுக்கு வேலை இருக்குமா என்று அப்பா கேட்டார். அதற்கு நான் படித்த எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை.