எண்டோஸ்கோப்பி
‘உள்ளே’, ‘பார்த்தல்’ என்ற இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது எண்டோஸ்கோப்பி. தமிழில் அகநோக்கு என்பார்கள். பித்தநாள நோயில் இந்தப் பெயர் பாதிதான் பொருந்துகிறது. பித்தநாளத்துக்கான எண்டோஸ்கோப்பி முறையான ஈ.ஆர்.சி.பி. செய்யும்போது வாய்வழியாகச் செல்லும் குழாய் முன்சிறுகுடலோடு நின்றுவிடும். அதன் கேமரா காண்பது நாளத்தின் வாயை மட்டுமே. உள்ளிருக்கும் கல்லைக் காட்டுவது, பித்தம் வரும் திசைக்கு எதிராகச் செலுத்தும் சாயமும் எக்ஸ்ரேயும். (பெயரிலுள்ள ‘ஆர்’ அந்த எதிர்த்திசையைத்தான் சொல்கிறது.) 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நாளவாய்த் தசையைக் கீறிக் கல்லெடுக்கும் முறை வந்ததும், பார்ப்பது பின்னுக்குப் போய்ச் சிகிச்சை முன்னுக்கு வந்தது. நாளத்துக்குள்ளேயே நுழையும் நுண்கேமரா இன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பெரிய கல்லை உடைக்க, சந்தேகமான அடைப்பில் சதை எடுத்துச் சோதிக்க என்று சில வேளைகளில்தான் அது தேவைப்படுகிறது. வெறுமனே பார்க்கப் பெரும்பாலும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் போதும், ஈ.ஆர்.சி.பி.யால் வரக்கூடிய கணைய அழற்சி அதில் இல்லை.