பேரைச் சொன்னா மரண தண்டனை: ஸ்காட்லாந்து குடும்பப் பெயர்களின் கதை

1/ பென்சிலின் கண்டுபிடிச்ச ஃபிளெமிங், பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த சிம்ப்சன், இன்சுலினுக்காக நோபல் வாங்கின மெக்லியாட். மூணு பேருமே ஸ்காட்லாந்துக்காரங்க. எம்.பி.பி.எஸ் படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் பண்ண பேருங்க. ஆனா அந்தப் பேருக்கெல்லாம் என்ன அர்த்தம்னு யோசிச்சதே இல்ல. நைட் டூட்டி முடிச்சிட்டு எழுதுறேன், பொறுமையா படிங்க மக்களே.

2/ ஃபிளெமிங்னா ஃபிளாண்டர்ஸ்ல (இன்றைய பெல்ஜியம் பக்கம்) இருந்து வந்தவர். சிம்ப்சன்னா சைமனோட மகன். மெக்லியாட்னா லியாட்டோட மகன். பதவியும் பேராகும். ராஜாவோட அரண்மனை நிர்வாகிக்கு 'ஸ்டூவர்ட்'னு பேர். அந்தப் பதவி பரம்பரையா வந்து குடும்பப் பெயராச்சு. 1371ல அதே குடும்பம் சிம்மாசனமும் ஏறிடுச்சு!

3/ எனக்குப் பிடிச்சது உடம்பை வச்சு வந்த பேருங்க. கேலிக் மொழியில கேம்பல்னா 'கோணல் வாய்', கேமரூன்னா 'கோணல் மூக்கு'. முதல் கேம்பலுக்கு முகவாதம் இருந்துச்சோ என்னவோ!

4/ கேலிக்ல 'மேக்'னா மகன். பொண்ணுங்களுக்கு 'நிக்'. ஆரம்பத்துல இது நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் நிலையான குடும்பப் பெயராச்சு. பாதுகாப்புக்காகத் தலைவரோட பேரையே வச்சுக்கிட்டவங்களும் நிறைய. அதனால மெக்டொனால்டு எல்லாரும் ரத்த சொந்தம்னு நினைக்காதீங்க.

5/ இப்ப முக்கியமான விஷயம். மெக்கிரெகர்னு ஒரு குலம். அவங்க நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமா கேம்பல்கள் கைக்குப் போயிடுச்சு. நிலம் போனவங்க கொள்ளையில இறங்கினாங்க. 1603 பிப்ரவரியில கிளென் ஃப்ரூயின்ங்கிற இடத்துல கொல்ஹூன் குலத்தோட பெரிய சண்டை, அதுல நிறைய உயிர்ப்பலி.

6/ அரசர் ஆறாம் ஜேம்ஸ் என்ன பண்ணார் தெரியுமா? அந்தப் பேரையே தடை பண்ணார்! 1603 ஏப்ரல்ல இருந்து மெக்கிரெகர்னு பேர் வச்சுக்கிட்டா மரண தண்டனை. சண்டை போட்டவனுக்கு மட்டும் இல்ல, நேத்து பிறந்த குழந்தைக்கும் அந்தப் பேர் கிடையாது. குலத் தலைவர் அலாஸ்டரை 1604ல எடின்பரோல தூக்குல போட்டாங்க.

7/ மத்தவங்க மர்ரே, கிராண்ட், டிரம்மண்ட்னு பேர் மாத்திக்கிட்டாங்க. புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரெகர்கூட அம்மா வழிப் பேரைத்தான் வெளியில சொல்லிக்கிட்டார். என்ன பேர் தெரியுமா? கேம்பல்! நிலத்தை எடுத்தவங்க பேருக்குள்ளயே ஒளிய வேண்டிய நிலைமை.

8/ 1661ல தடை நீங்குச்சு, 1693ல திரும்ப வந்துச்சு. முழுசா ஒழிஞ்சது 1774ல. முதல் தடைக்கும் இதுக்கும் நடுவுல 171 வருஷம்! எத்தனை தலைமுறை சொந்தப் பேரைச் சொல்லாமலே செத்திருக்கும்?

9/ மெக்கிரெகர் வழி வந்த ஒரு குடும்பம் 'கிரிகரி'ங்கிற பேர்ல பேராசிரியர்களையும் டாக்டர்களையும் கொடுத்துச்சு. மலச்சிக்கலுக்குக் கொடுத்த 'கிரிகரி பவுடர்' அந்தக் குடும்பத்து டாக்டரோடதுதான்.

10/ நோயாளிகிட்ட நாங்க முதல்ல கேக்குறது "உங்க பேர் என்ன?" அதுக்குப் பயமில்லாம பதில் சொல்ல முடியுறதே ஒரு உரிமைதாங்க. (முடிந்தது)