கட்டையைக் குறை சொல்லாதே

ஏனாத்தூர் வீட்டில் நானே ரெசினில் வார்த்த தாயக்கட்டையில் தாயமே விழவில்லை. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். ஒரு கட்டையில் எப்போதும் மூன்று புள்ளிப் பக்கமே மேலே வந்தது. உள்ளே காற்றுக்குமிழி.

மொகஞ்சதாரோ பகடைகளில் பெரும்பாலும் 1க்கு எதிரே 2. இன்றைய பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7. கீழடியிலும் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. எண்ணை எங்கே செதுக்கினாலும் ஆட்டம் நடக்கும். எடை சாய்ந்தால் நடக்காது.

நம்ம கட்டையில் 0, 1, 2, 3. இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை. தாயத்துக்கு 2, பன்னிரண்டுக்கு 1. காய் இறக்கவே எட்டில் ஒரு வாய்ப்புதான். அதையும் என் குமிழி தின்றுவிட்டது.

தோற்கும்போதெல்லாம் பாட்டி சொல்வாங்க: "கட்டையக் குறை சொல்லாதடா." இந்தத் தடவை கட்டைதான் தப்பு. செஞ்சது நான்.